தம்பியின் முகமும் தளபதியின் முகமும்

சென்ற நோன்பு மாதத்தில் ஒருநாள் இரவு. தராவீஹ் தொழுகை முடிந்து வந்த என் பேரன் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். தரம் 9 இல் படிக்கிறான். வயது 14. குதிரைகள் ஓடும் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் கேட்டது. பிறகு உள்ளத்தைக் கிளறும் ஓர் இசை.

“உம்மம்மா, இவரு ஆரு தெரியுமா?” என்று கேட்டுக் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

வெள்ளைத் தாடி, வட்டக் கண்ணாடி, தலையோடு சேர்த்துப் போர்த்திய வெள்ளைத் துணி. எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

“உமர் முக்தார்” என்றேன்.

அவனுக்கு ஆச்சரியம். “உங்களுக்கு எப்பிடித் தெரியும்? இவரப்போல ஒருத்தர் எங்களுக்கும் இருந்திருந்தா நானும் பின்னால போயிருப்பன் உம்மம்மா” என்றான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இதே வார்த்தைகளை ஏறத்தாழ 40 வருடங்களுக்கு முன்னர் இன்னொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அது என் தம்பியின் வாய். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு அவன் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். குரல் வந்தது, நடை வந்தது, தறியில் அவன் குந்தியிருக்கும் விதம் வந்தது. முகம் மட்டும் வரவில்லை. உமர் முக்தாரின் முகம்தான் வந்தது.

சகோதரிகளே, இந்தக் கதையை எழுத வேண்டும் என்று அன்றிரவுதான் முடிவு செய்தேன்.

நான் மருதமுனையைச் சேர்ந்தவள். ஓய்வுபெற்ற ஆசிரியை. வரலாறும் தமிழும் படிப்பித்தேன். எங்கள் வாப்பா கைத்தறி நெசவாளர். சாறனும் சாரியும் நெய்தே எங்களை வளர்த்தார். எனக்குக் கீழே ஒரே தம்பி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வாப்பாவோடு தறியில் இறங்கியவன்.

1986 ஆம் ஆண்டு. சவூதியிலிருந்து வந்த ஊரவர் ஒருவர் ஒரு வீடியோ கசட் கொண்டுவந்தார். டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரு வளவில் பாய் விரித்துப் படம் போட்டார்கள். ஆண்கள் முன்னால், நாங்கள் வேலியோரம். படத்தில் பேசிய பாஷை எங்களுக்கு விளங்கவில்லை. சவூதிக்காரர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, இன்ன இடத்தில் இன்னது நடக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் 1981 இல் வெளிவந்தது. சிரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த முஸ்தபா அக்காத் எடுத்தது. லிபியாவின் கடாபி அரசு அதற்குப் பணம் கொடுத்தது. குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஒரு முதியவர், தன் நாட்டைப் பிடிக்க வந்த இத்தாலியப் படையை எதிர்த்து 20 வருடங்கள் போராடிய உண்மைக் கதை. 1931 செப்டெம்பர் 11 அன்று பிடிபட்ட உமர் முக்தாரை ஐந்தே நாட்களில், செப்டெம்பர் 16 அன்று, சுலூக் என்ற இடத்தில் தூக்கிலிட்டார்கள். அப்போது அவருக்கு 70 வயது கடந்திருந்தது. படத்தின் முடிவில் தூக்குமரத்தில் அவருடைய கண்ணாடி கீழே விழும். ஒரு சிறுவன் வந்து அதைப் பொறுக்கியெடுப்பான்.

அந்த இடத்தில் வளவு முழுக்க ஒரே அழுகை. என் தம்பி அழவில்லை. எழும்பி நின்றுவிட்டான். வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னான், “இப்பிடி ஒரு மனிசன் கூப்பிட்டா நான் போவன் ராத்தா.” அப்போது அவனுக்கு வயது 17.

அதற்குப் பிறகு அந்தக் கசட் ஊரில் எங்கே ஓடினாலும் அவன் அங்கே இருப்பான். தறியில் இருக்கும்போது தலையில் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொள்வான். வாப்பாவின் பழைய கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் வைத்துக்கொண்டு எங்களைச் சிரிக்க வைப்பான். ஒருநாள் கல்முனைக்குப் போய் ஸ்டூடியோவில் அந்தக் கோலத்திலேயே ஒரு போட்டோவும் எடுத்து வந்தான். உம்மா ஏசினார். ஆனாலும் அந்தப் போட்டோவைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தவரும் உம்மாதான்.

பிறகு 1990 வந்தது. ஜூன் மாதம் கிழக்கில் யுத்தம் மறுபடி தொடங்கிய கதையை இந்தப் பக்கங்களைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். இராணுவம் திரும்பி வந்தபோது அயலிலுள்ள தமிழ் ஊர்களில் எத்தனையோ பேர் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள். ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். ஒவ்வொரு ஊரும் மற்ற ஊருக்குப் பயந்து உறங்கிய காலம் அது.

அந்தப் பயத்தில் எங்கள் ஊரிலும் ஊர்காவல் படைக்கு இளைஞர்களைச் சேர்த்தார்கள். தம்பியும் பெயர் கொடுத்தான். சில நாள் பயிற்சி, ஓர் உடுப்பு, ஒரு சொட்கன். ஊருக்கு மேற்கே வயலோரத்தில் மண்மூட்டை அடுக்கிய காவலரண். அவன் பின்னால் போவதற்கு அங்கே தளபதி என்று யாரும் இருக்கவில்லை. அவனுடைய தளபதி ஒரு கசட்டுக்குள் இருந்தார்.

முதல் மாதம் பெருமையாகத்தான் போனான். ஒருநாள் விடியற்காலை வந்து, குசினியில் எனக்குப் பக்கத்தில் குந்தினான். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்த கை நடுங்கியது.

“ராவைக்குப் பயமா இரிக்கி ராத்தா. நாய் குரைச்சாலும் நெஞ்சு அடைக்கிது. ஒருத்தருக்கும் சொல்லிராதங்க” என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உமர் முக்தார் பயந்தாரா?” என்று கேட்டேன். தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு பயத்தைப் பற்றி அவன் என்னிடம் பேசவேயில்லை.

1991 இல் ஓர் இரவு அந்தக் காவலரணில் அவன் சுடப்பட்டு இறந்தான். யார் சுட்டது என்று ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். அதை எழுதுவது இன்று என் நோக்கமல்ல. நான் அவனிடம் கேட்ட அந்தக் கேள்வியை எழுதுவதுதான் நோக்கம். அவன் தன் பயத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். நான் ஒரு சினிமாக்காட்சியைக் காட்டி அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒருவருடைய சொல்லுக்காக இன்னொருவர் சாகத் துணிவது எப்படி? வரலாறு படிப்பித்த காலம் முழுவதும் இந்தக் கேள்வி என்னோடு இருந்தது. நாட்டைக் கேட்டாலும் உலகத்தைக் கேட்டாலும் பதில் ஒரே மாதிரித்தான் வருகிறது. நல்ல தளபதி முன்னால் போகிறார். சிப்பாயின் பெயரை நினைவில் வைத்திருக்கிறார். அவன் தின்பதைத் தின்கிறார், அவன் படுக்கும் இடத்தில் படுக்கிறார். பெற்றோர்கூடக் கவனிக்காத ஒரு பையனை “நீ இல்லாமல் முடியாது” என்று நம்ப வைக்கிறார். இது பொய்யல்ல. உண்மையான அன்புதான். உண்மையாக இருப்பதால்தான் அது ஆளை நெருப்புக்குள்ளும் நடக்க வைக்கிறது.

இலங்கை இராணுவத்தில் டென்சில் கொப்பேகடுவ அப்படி ஒருவர் என்று சிங்களச் சகோதரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1987 இல் வடமராட்சிப் படை நடவடிக்கையிலும், 1991 இல் ஆனையிறவு முகாம் முற்றுகைக்குள்ளானபோது வெற்றிலைக்கேணிக் கடற்கரையில் படையிறக்கிய நடவடிக்கையிலும் தலைமை தாங்கியவர் அவர். வடக்கில் அவருடைய பெயரைக் கேட்டுப் பயந்தவர்கள் உண்டு. தெற்கில் அதே பெயரைக் கேட்டுக் கண்கலங்கியவர்கள் உண்டு. 1992 ஆகஸ்ட் 8 அன்று அராலித்துறையில் நடந்த குண்டுவெடிப்பில் அவரும் விஜய விமலரத்ன, மொஹான் ஜயமஹா முதலிய அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள். கொழும்பு கனத்தை மயானத்தில் நடந்த இறுதிக் கிரியைகளின்போது சனங்கள் கொந்தளித்ததையும், அமைச்சர்களை விரட்டியதையும் அக்காலத்துப் பத்திரிகைகளில் படித்தோம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கத் தளபதி பேட்டன் என்பவரும் அப்படித்தான் புகழப்பட்டார். அவரைப் பற்றிய படம் 1970 இல் வந்து, சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றது. அதன் ஆரம்பக் காட்சியைப் பேரன் எனக்கு எடுத்துக் காட்டினான். திரை நிறைய ஒரு பெரிய கொடி. அதன் முன்னால் பதக்கங்களோடு தளபதி நின்று சிப்பாய்களுக்குப் பேசுகிறார். வீரமான பேச்சுத்தான். ஆனால் அவர் பேசி முடியும்வரை, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிப்பாய்களில் ஒருவரைக்கூடக் காட்டவில்லை. நான் பேரனிடம் இரண்டாம் தரம் போடச் சொல்லிப் பார்த்தேன். இல்லவே இல்லை.

அதே பேட்டன், 1943 ஆகஸ்டில் சிசிலித் தீவில், வைத்தியசாலைக்குப் போனபோது, உடம்பில் காயமில்லாமல் மனம் உடைந்துபோயிருந்த இரண்டு சிப்பாய்களை வெவ்வேறு நாட்களில் கன்னத்தில் அறைந்தார். பயந்தாங்கொள்ளிகள் என்று ஏசினார். பிறகு மேலதிகாரி ஐசனோவர் கண்டித்து, மன்னிப்புக் கேட்க வைத்தார். அந்த அறையும் படத்தில் வருகிறது. அதைப் பார்த்தபோது என் கை என்னை அறியாமல் கன்னத்துக்குப் போனது. நான் தம்பியை அறையவில்லை. ஆனால் குசினியில் அன்று நான் கேட்ட கேள்வி அறையை விடக் குறைந்ததா?

சுனாமிக்குப் பிறகு, 2005 இல், எங்கள் பகுதித் தமிழ், முஸ்லிம் பெண்களைச் சேர்த்துத் தையல் வகுப்பும் கலந்துரையாடல்களும் நடத்தினார்கள். அங்கேதான் பாண்டிருப்பு அக்காவைச் சந்தித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் மூன்று மாதம் நாங்கள் இருவரும் நூலும் ஊசியும் தவிர வேறெதுவும் பேசவில்லை. நான் ஊர்காவல் படைக்காரனின் ராத்தா என்று அவருக்குத் தெரியும். அவர் இயக்கத்துக்குப் போன பிள்ளையின் தாய் என்று எனக்கும் தெரியும்.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவராகவே சொன்னார். விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு களத்துக் காட்சிகளைப் படம்பிடித்து, இசை சேர்த்து வீடியோவாக வெளியிட்டுவந்த காலம். அப்படியொரு வீடியோவை அவருடைய மகள் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு தளபதி மரத்தடியில் பிள்ளைகளோடு குந்தி, ஒரே தட்டில் சோறு தின்றுகொண்டு சிரிக்கிறாராம்.

“அத பாத்திட்டு வந்த அண்டைக்கு ராத்திரி அவள் சோறு தின்னல்ல டீச்சர். எங்கட அப்பா ஒருநாளும் எங்களோட குந்திச் சாப்பிடல்லையே அம்மா எண்டு கேட்டாள். பேந்து ரெண்டு கிழமையில ஆளக் காணல்ல.”

1997 இல் வன்னியில் ஜெயசிக்குறு யுத்தம் தொடங்கியபோது கிழக்கிலிருந்து போராளிகள் அங்கே அனுப்பப்பட்டார்கள். அந்தப் பிள்ளையும் போனது. அடுத்த வருடம் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. உடம்பைத் தாய் காணவில்லை. சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றைத்தான் கொடுத்தார்கள். சோற்றுத் தட்டோடு சிரித்த அந்தத் தளபதியும் பிறகு அதே களத்தில் இறந்துவிட்டாராம்.

“எங்கட ஊர்ல பாரதம் படிப்பாங்க, தெரியும்தானே” என்றார் அக்கா. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவை எங்கள் பகுதியில் அறியாதவர் யார்? “அபிமன்யு சக்கரவியூகத்துக்குள்ள போகப் படிச்சவன். வெளிய வரப் படிக்கல்ல. என்ட பிள்ளைக்கும் போகத்தான் படிப்பிச்சாங்க.”

2007 இல் கிழக்கு முழுவதும் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வீட்டில் சீருடைப் படம் வைத்திருக்கப் பயம். அக்கா என்ன செய்தார் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்து, படத்தைக் கழுத்துக்குக் கீழே வெட்டி, அடுப்பில் போட்டுவிட்டார். முகத்தை மட்டும் ஒரு மட்டையில் ஒட்டி, சாமித் தட்டில் வைத்தார்.

“உடுப்பு அவங்கட. முகம் என்ட பிள்ளைட” என்றார்.

அவரிடம் முகமாவது இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் வீட்டையும் உம்மாவின் பெட்டியையும் கொண்டுபோனது. ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவும், அடையாள அட்டையும், எல்லாமே அதற்குள். வாப்பாவும் உம்மாவும் இன்று இல்லை. தம்பி கலியாணம் முடிக்கவில்லை. அவன் முகத்தை நினைவு வைத்திருக்கக் கடமைப்பட்டவள் நான் ஒருத்திதான். எனக்கோ ஒரு நடிகரின் முகம் வருகிறது. ஆம், அது உமர் முக்தாரின் முகமும் அல்ல. அன்டனி குவீன் என்ற நடிகரின் முகம். உண்மையான உமர் முக்தாரைச் சங்கிலியில் கட்டி இத்தாலிய அதிகாரிகள் சுற்றிநிற்க எடுத்த படங்கள் உண்டு. பேரன் காட்டினான். மெலிந்து, களைத்துப்போன ஒரு கிழவர். இசை இல்லாமல் பார்த்தால் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தஸ்பீஹ் உருட்டும் ஒரு மூத்தப்பாவைப் போலத்தான் இருக்கிறார்.

யுத்தத்தைப் பற்றிய படம் இன்றும் வருகிறது, இனியும் வரும். எங்கள் அம்பாறை மாவட்டத்தின் கோணகல பகுதியில் 1999 செப்டெம்பரில் 50 இற்கும் மேற்பட்ட சிங்களக் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதை வைத்து முன்னாள் கடற்படை அதிகாரி சரத் வீரசேகர 2011 இல் ‘கமனி’ என்ற படத்தை எடுத்தார். எல்லைக் கிராமத்து மனிதர்கள் ஊர்காவலர்களாக ஆயுதம் ஏந்தும் கதை. எனக்குச் சிங்களம் அரைகுறை. கதை முழுவதும் பிடிபடவில்லை. ஆனால் அந்த உடுப்பைத் திரையில் கண்டபோது அழுகையை அடக்க முடியவில்லை. அந்தக் கிராமத்துத் தாய்மாரும் இப்படித்தான் அழுதிருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம் இருக்கிறது. ஒருவருடைய படத்தில் மற்றவரின் பிள்ளை குறிபார்த்துச் சுடப்படும் ஓர் உருவமாக மட்டும் வந்துபோகிறது.

திரையில் மட்டுமல்ல, மேடையிலும் அப்படித்தான். 2020 ஜூனில், பொதுத் தேர்தல் காலத்தில், எமது மாவட்டத்து நாவிதன்வெளியில் நடந்த கூட்டமொன்றில், புலிகளின் முன்னாள் கிழக்குத் தளபதி கருணா அம்மான் எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன், ஆனையிறவில் ஒரே இரவில் 2000, 3000 இராணுவத்தினரைக் கொன்றதாகப் பேசினார். தெற்கில் பெரும் சர்ச்சை எழுந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அவரிடம் வாக்குமூலம் பெற்றது. அந்தத் தேர்தலில் அவர் அம்பாறையில் போட்டியிட்டு வெற்றிபெறவில்லை.

அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த பாண்டிருப்பு அக்கா தொலைபேசியில் எடுத்தார். அரசியல் பேசவில்லை. “அவ்வளவு பேரும் செத்திருந்தா அவ்வளவு தாய்மார் டீச்சர்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. “எங்கட பக்கம் செத்த பிள்ளையள் எத்தின எண்டு ஆரும் மேடையில சொல்றல்லையே” என்றார்.

உகண, தமண பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு சிங்களத் தாயும் அதே பத்திரிகைச் செய்தியைச் சிங்களத்தில் படித்திருப்பார். அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நாங்கள் இருவரும் நினைத்துப் பார்த்தோம்.

நோன்பு முடிந்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பேரனோடு இருந்து உமர் முக்தார் படத்தை முழுவதும் மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை நான் குதிரைகளைப் பார்க்கவில்லை. முள்ளுக்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் பார்த்தேன். 1930 முதல் 1933 வரை லிபியாவின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 100,000 பேரை இத்தாலியர்கள் முகாம்களில் அடைத்தார்கள். பசியாலும் நோயாலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். மப்றூகா என்ற பெண்ணாகக் கிரேக்க நடிகை ஐரீன் பாபாஸ் நடித்திருக்கிறார். 1986 இல் அந்தப் பெண் படத்தில் இருந்ததே எனக்கு ஞாபகமில்லை. அகதி முகாமில் இருந்து வந்த பிறகு பார்த்தால், படத்தில் அவரைத் தவிர வேறு யாரும் கண்ணில் படவில்லை.

இன்னொரு காட்சியும் உண்டு. பிடிபட்ட ஓர் இளம் இத்தாலிய அதிகாரியைக் கொல்லாமல், அவர்களுடைய கொடியையும் கையில் கொடுத்து, உமர் முக்தார் திருப்பி அனுப்புகிறார். “மனே, இந்த இடத்த திரும்பப் போடு” என்றேன். அந்தப் பையனின் கண்ணில் பயம் தெரிகிறது. முதியவர் அந்தப் பயத்தைப் பார்க்கிறார். அவருடைய பெருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது. ஆனால் பேரன் பார்த்த இரண்டு நிமிடத் துண்டில் அந்த இடம் இருக்கவில்லை. துண்டு போடுகிறவர்கள் குதிரையையும் துப்பாக்கியையும்தான் வெட்டியெடுக்கிறார்கள்.

இறந்த தளபதியின் படத்தை யாரும் தூக்கலாம் என்பதையும் அவனுக்குச் சொன்னேன். இத்தாலி 1982 இல் தடைசெய்த படம் அது. 2009 இல் கடாபி இத்தாலிக்குப் போனபோது உமர் முக்தார் சங்கிலியோடு நிற்கும் போட்டோவைத் தன் நெஞ்சில் குத்திக்கொண்டு போனார். அந்தச் சமயத்தில்தான் அங்கே தொலைக்காட்சியில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். இரண்டே வருடத்தில், 2011 இல், கடாபிக்கு எதிராக எழுந்தவர்களும் அதே உமர் முக்தாரின் படத்தைத்தான் தூக்கிப்பிடித்தார்கள். அவர் பாவம், எந்தப் பக்கம் என்று எழும்பி வந்து சொல்லவா முடியும்?

தளபதி இல்லாத யுத்தப் படம் ஒன்றும் எங்கள் நாட்டில் இருக்கிறது. பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த ‘புரஹந்த களுவர’. கண் தெரியாத ஒரு கிராமத்துத் தகப்பன். இராணுவத்துக்குப் போன மகனின் சவப்பெட்டி சீல் வைக்கப்பட்டு வருகிறது. மகன் இறந்தான் என்பதை அவர் நம்பவில்லை. கடைசியில் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே மகன் இல்லை. ஜோ அபேவிக்ரம அந்தத் தகப்பனாக நடித்திருக்கிறார். 2000 ஆம் ஆண்டில் அரசு இந்தப் படத்தைத் திரையிட விடவில்லை. உயர் நீதிமன்றம் வரை போய், 2001 இல்தான் அது திரைக்கு வந்தது. தளபதியைக் காட்டும் படத்துக்கு வாசல் திறந்திருக்கிறது. தகப்பனைக் காட்டும் படம் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது.

நான் எந்தத் தளபதியையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. உமர் முக்தார் மீது எனக்குள்ள மரியாதை குறையவுமில்லை. என் குறை என் மீதுதான். ஒரு தளபதியின் முகத்தை 40 வருடம் காப்பாற்றினேன். கூடப்பிறந்தவன் முகத்தைத் தவறவிட்டேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பேரன் சும்மா இருக்கவில்லை. சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் செய்தி அனுப்பினான். கடலுக்குத் தூரமாக இருந்த வீடுகளில் பழைய அல்பங்கள் தப்பியிருக்குமல்லவா? ஒரு மாதம் கழித்து, அக்கரைப்பற்றில் இருக்கும் மச்சி ஒருத்தி ஒரு கலியாணப் படத்தை அனுப்பினார். 1989 இல் எடுத்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால், இரண்டாம் வரிசையின் கரையில், ஒருவருடைய தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்தபடி என் தம்பி. பாதி முகம்தான் தெரிகிறது. ஒரு கண், ஒரு காது, சிரிப்பில் பாதி. வெள்ளைத் துணி இல்லை, கண்ணாடி இல்லை. ஒரு கோடு போட்ட சேர்ட்.

பேரன் அதைப் பெரிதாக்கிக் காட்டினான். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இவரு சண்ட பிடிச்சாரா உம்மம்மா?” என்று கேட்டான்.

“இல்ல மனே. காவல் நிண்டவரு. பயந்து பயந்து நிண்டவரு. பயந்துகொண்டும் போனவரு.”

அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில், “எனக்கெண்டா ராவைக்குத் தனிய கிணத்தடிக்குப் போகவே பயம்” என்றான். இந்தத் தடவை நான் யாருடைய பெயரையும் சொல்லி அவன் வாயை அடைக்கவில்லை. “என்னத்துக்கு மனே பயம், சொல்லு” என்று பக்கத்தில் இருத்திக் கேட்டேன். நிறையச் சொன்னான்.

சகோதரிகளே, எந்த ஊர், எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படிப் போயிருப்பார். அவரைப் பற்றிப் படம் எடுக்க யாரும் வரப்போவதில்லை. ஒரு சாதாரணக் கொப்பியை எடுங்கள். அவர் பெயர், பிறந்த வருடம், என்ன கறி விருப்பம், எந்தப் பாட்டை முணுமுணுப்பார், எதற்குப் பயப்படுவார் என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். அவர்கள் எழுதும்போதே கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். நாளைக்கு எவராவது அவர்களை அழைக்கும்போது, போகும் முன் ஒருமுறை அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்கட்டும்.

பாண்டிருப்பு அக்காவின் கொப்பியை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை ஆறு பக்கம் வந்திருக்கிறது. என் தம்பிக்கு நான்கு பக்கம். அதில் முதல் வரி இப்படித் தொடங்குகிறது: கணவாய்க் கறி என்றால் உயிர். இருட்டு என்றால் பயம்.